மஞ்சள் ஓடிய மூன்று நாள்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் பாஞ்சாலி வீட்டுக் காலண்டரைப் புதிதாகப் பார்க்கிறவர்கள், இது பெயிண்ட் கடைக்காரர் வீடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பேனாவால் இரண்டு நிறங்களின் பெயர் எழுதியிருக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே கருப்பு என்றிருந்தால் கீழேயும் அனேகமாகக் கருப்பு. மேலே சாம்பல் என்றால் கீழேயும் சாம்பல். ஆகஸ்டில் ஒரு கட்டத்திலும் அக்டோபரில் ஒரு கட்டத்திலும் மட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கார்மெண்ட்ஸில் சட்டையில் பழுது கண்ட இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே, அந்த அம்பு.

மேலே எழுதியிருப்பது, பீன்யா தொழிற்பேட்டையில் அவள் புருஷன் பெருமாள்சாமி வேலை செய்கிற ஷெட்டில் அன்றைக்கு ஓடிய நிறம். கீழே எழுதியிருப்பது, மறுநாள் காலையில் அவன் நெஞ்சிலிருந்து வந்த சளியின் நிறம்.

பவுடர் கோட்டிங் ஷெட் அது. இரும்பு அலமாரி, கரண்ட் பெட்டி, ஆஸ்பத்திரிக் கட்டில் என்று எது வந்தாலும் கழுவிக் கொக்கியில் மாட்டுவார்கள். மாட்டியதன்மேல் ஸ்ப்ரே கன்னால் பொடி அடித்து, ஓவனுக்குள் தள்ளினால் பொடி உருகித் தகட்டோடு தகடாய்ப் பிடித்துக்கொள்ளும். பெயிண்ட் போல ஈரம் கிடையாது. மைதாவைவிட மெல்லிய பொடி. தகட்டில் ஒட்டியது போக மிச்சமெல்லாம் காற்றில் நிற்கும். நிறம் மாற்றுகிற நாள்தான் ரொம்ப மோசம். கருப்பு முடிந்து வெள்ளை ஏறுவதற்கு முன்னால் பொடி அடிக்கிற தடுப்பறையான பூத்துக்குள் படிந்திருக்கும் பழைய பொடியை ஏர் பைப்பால் ஊதித் தள்ளவேண்டும். கடுகளவு கருப்பு மிஞ்சினாலும் வெள்ளை அலமாரியில் மூக்குத்தி மாதிரி தெரியும். மாஸ்க் கொடுப்பார்கள், அரைமணி நேரத்தில் அது அடைத்துக்கொள்ளும். நல்ல நெஞ்சுக்காரர்களே கழற்றி எறிந்துவிட்டு வேலை பார்க்கிற இடத்தில், படி ஏறினாலே நின்று மூச்சு வாங்குகிற பெருமாள்சாமி அதைக் கட்டிக்கொண்டு என்ன செய்வான்.

இருபத்தாறு வருஷம் அந்தக் கன்னைப் பிடித்திருக்கிறான். நடுவில் பீடியும் இருந்தது. பீடியை விட்டு ஒன்பது வருஷமாகிறது. நெஞ்சு ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்ரீகண்டன் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, “போன நுரையீரல் போனதுதான்மா. இருக்கறத காப்பாத்திக்கணும்” என்று சொல்லி, வாயில் வைத்து மருந்தை இழுக்கிற பம்பு இரண்டு கொடுத்தார். ஆரஞ்சு பம்பு காலையும் மாலையும், வலித்தாலும் வலிக்காவிட்டாலும். இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். நீலப் பம்பு இறுக்கம் வந்தால் மட்டும். அது போக ஒரு பழுப்புக் கவர். அதில் ஐந்து நாளைக்கான மாத்திரை: காலையில் சாப்பிட்ட பிறகு வெள்ளை மாத்திரை ஆறு ஒன்றாக, வேளைக்கு ஒன்றாக காப்சூல். கன்னடம் கலந்த தமிழில் விளக்கிச் சொன்னார்:

“இத சும்மா தின்னக்கூடாது. மூணு விஷயம் நோடும்மா. மூச்சு எப்பவும் இருக்கறதவிட ஜாஸ்தி வாங்கணும். கஃபா, அதான் சளி, ஜாஸ்தி வரணும். கஃபா கலர் மாறணும், மஞ்சளோ பச்சையோ. மூணுல ரெண்டு வந்தா யாரையும் கேக்காதே, அன்னிக்கே கவர ஒடச்சுடு. மறுநா பாக்கலாம்னு இருக்கறவங்கதான் இங்க ஸ்ட்ரெச்சர்ல வராங்க.”

பாஞ்சாலி தலையாட்டினாள். நிறம் மாறுவது பற்றி அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதைக் கேட்க முடியவில்லை. ஏனென்றால் பெருமாள்சாமி பேக்கிங்கில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி ஒட்டுகிறான் என்றுதான் டாக்டருக்குத் தெரியும்.

அதுவும் முழுப்பொய் இல்லை. தூசி வேலை கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை வாங்கிப் பார்த்து, சூப்பர்வைசர் கிளெமென்ட் அவனைப் பேக்கிங்கில்தான் உட்கார வைத்தான். இரண்டு வாரம் உட்கார்ந்தான். கன் பிடித்த புதுப் பையன்கள் மூலைகளில் பொடி ஏற்றத் தெரியாமல் ஆரஞ்சுத் தோல் மாதிரி கரடுமுரடாக அடித்து, ஒரு லாரி அலமாரி திரும்பி வந்தது. கிளெமென்ட் ஒன்றும் சொல்லவில்லை. டீ நேரத்தில் பக்கத்தில் வந்து நின்றான், அவ்வளவுதான். பெருமாள்சாமி எழுந்து போய்க் கன்னை வாங்கிக்கொண்டான். வேலையை விட்டுவிடு என்று சொல்ல பாஞ்சாலிக்கு வாய் வரவில்லை. ஷெட் வேலை இருக்கிறவரைக்கும்தான் இ.எஸ்.ஐ. கார்டு. கார்டு இருக்கிறவரைக்கும்தான் பம்பு. நெஞ்சைக் கெடுக்கிற இடமேதான் நெஞ்சுக்கு மருந்தும் கொடுக்கிறது. இதில் எதை விடச் சொல்வது?

அப்படித்தான் காலண்டர் கணக்கு வந்தது. அது அவளாகக் கண்டுபிடித்தது. பாஞ்சாலி கார்மெண்ட்ஸில் செக்கிங் டேபிளில் இருக்கிறாள், பதினெட்டு வருஷமாக. அவளிடம் ஷேட் பிரிக்கக் கொடுப்பார்கள். ஒரே நீலம் என்று மற்றவர்களுக்குத் தெரியும் இரண்டு கைப்பட்டைகளை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, “இது வேற ரோலு, அது வேற ரோலு” என்று தனித்தனியாகத் தள்ளிவிடுவாள். வெட்டி விழுகிற வெள்ளைத் துணித் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து கைக்குட்டை அளவில் கத்தரித்து வைத்தாள். காலையில் அவன் துப்புவது அதில்தான். சாயங்காலம் அவன் வந்ததும் “இன்னிக்கு இன்னா கலரு?” என்று கேட்டு மேலே எழுதுவாள். மறுநாள் காலையில் துணியைப் பார்த்துக் கீழே எழுதுவாள். இரண்டும் ஒன்றானால் அது பவுடர், பயமில்லை. வேறானால் அது நெஞ்சு, கவர்.

ஆகஸ்டில் மேலே கருப்பு, துணியில் பச்சை. அன்றைக்கே உடைத்தாள். அக்டோபரில் மேலே சாம்பல், துணியில் மஞ்சள். உடைத்தாள். இரண்டு தடவையும் மூன்றாம் நாளே அவன் எழுந்து உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி கேட்டான்.

காலிக் கவரை எடுத்துக்கொண்டு புதுக் கவர் வாங்கப் போனபோது டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“பேக்கிங்ல ஒக்காந்திருக்கவனுக்கு ரெண்டு மாசத்துல ரெண்டு தரம் எப்படி வருது? மூணாந்தரம் இத ஒடச்சுக்கினு வந்தா, பெருமாள்சாமி, வேலைக்கு அன்ஃபிட்னு எழுதிடுவேன். நீ கோச்சுக்கோ, பரவால்ல.”

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது பெருமாள்சாமி சொன்னான்: “நல்ல மனுசன். ஆனா ரொம்ப நல்ல மனுசன்.”

டிசம்பரில் சென்னைப் பக்கம் புயல் என்றால் பெங்களூருக்கு மழை வராது, தூறல் வரும். வானம் மூன்று நாலு நாள் சாக்கு போர்த்தியதுபோல் கிடக்கும். துவைத்த துணி காயாது. சந்து முழுக்க ஈர நாயின் வாடை. அப்படி ஒரு திங்கட்கிழமை, எப்போதும் வருகிற நேரத்துக்கு முக்கால் மணி தாமதமாக பெருமாள்சாமி வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“பஸ்ஸு இல்லியா?”

“இருந்துச்சி. ரஷ்ஷு. ஒண்ண வுட்டுட்டு அடுத்ததுல வந்தேன்.”

“செருப்ப கழட்டிக்கினு உள்ள வாயேன். ஈரத்துல ஒக்காந்துக்கினு.”

“வரேன் மே. மேட்டுல ஏறி வந்தன்ல.”

அந்த மேட்டில் அவன் முப்பது வருஷமாக ஏறி வருகிறான். பாஞ்சாலி டீயைக் கொடுத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

“இன்னிக்கு இன்னா கலரு?”

அவன் டீயை ஊதினான். இரண்டு தடவை ஊதினான்.

“மஞ்சளு.”

“மஞ்சளா? போன வாரம் பூரா கருப்புன்ன.”

“அது முடிஞ்சிடுச்சி. ஸ்கூல் பஸ்ஸுக்கு கம்பி வந்துருக்கு. லாரி நெறையா. வாரம் பூரா மஞ்சளுதான்.”

கலர் மாற்றியிருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று அவளே காரணமும் சேர்த்துக்கொண்டாள். திங்கட்கிழமைக் கட்டத்தில் மேலே மஞ்சள் என்று எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் துணியில் மஞ்சள். கீழே எழுதினாள். அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அது அவரைக்காய் சீசன். செவ்வாய் சாயங்காலம் வரும்போதே மார்க்கெட்டில் அவரை வாங்கி வந்து, உரித்து வெந்நீரில் ஊறப்போட்டு, பிதுக்கம் பருப்புக் குழம்புக்குப் பிதுக்க உட்கார்ந்தாள். மகள் மகா மல்லேஸ்வரத்தில் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டாள். மூன்று பேரும் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெருமாள்சாமி எப்போதும் பருப்பைப் பிதுக்கி மகா மூக்குக்குக் குறி வைப்பான். அவள் கத்துவாள். அது வருஷா வருஷம் நடக்கிற கூத்து. அன்றைக்கு அவன் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். பிதுக்கியது ஒரு கைப்பிடிகூட இல்லை.

“ப்பா, இன்னா, ஆர்டர் எடுத்துக்கினு வேல செய்யலியா?” என்றாள் மகா.

“ஓவர்டைம் குடு… செய்யறேன்.”

ஒரே பேச்சு. நடுவில் ஒரு மூச்சு. மகா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

“ம்மா, கவர ஒடைக்கலாமா?”

“எதுக்குடி?”

“எதுக்கா? அப்பா பேசறத பாரு. டாக்டர் இன்னா சொன்னாரு, மூணுல ரெண்டு.”

“மூச்சு ஒண்ணு. அதுவும் குளிருக்கு. எனக்கே நெஞ்சு கட்டிக்குது. சளி கலரு பவுடரு கலருதான். மேல மஞ்சளு, கீழ மஞ்சளு. பாத்துக்கோ போ.”

“சளி ஜாஸ்தி வருதாப்பா?”

“அதே… அளவுதான்” என்றான் பெருமாள்சாமி. “நீ வேற… உங்கம்மாவ கெளப்பிவுடாத. சும்மா ஒடச்சிக்கினு போனா… அந்த ஆளு சீட்டு கிழிச்சிடுவான். அப்பறம் நான்… உன் கடையில கண்ணாடி தொடைக்க வேண்டிதான்.”

“வா. ஜிக்குனு தொடப்ப. உன்னமாரி ஃபினிஷிங் யாருக்கு வரும்” என்றாள் மகா. சிரித்தார்கள். அவன் சிரிப்பு இருமலாகி, வெளியே போய் சாக்கடையோரம் நின்று துப்பிவிட்டு வந்தான். துணியில் துப்பவில்லை. சோறு போட்டபோது நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மெல்லுவதற்கும் மூச்சு விடுவதற்கும் ஒரே வாய்தானே. தட்டில் பிதுக்கம் பருப்பு அப்படியே கிடந்தது.

“உப்பு ஜாஸ்தியா?”

“இல்ல மே. நல்லாருக்கு. காலைல துன்றேன். ஊறினா… இன்னம் நல்லாருக்கும்.”

புதன்கிழமை காலையில் அவன் இருமிய துணியை வாங்கியதும் பாஞ்சாலியின் கை நின்றது.

மஞ்சள்தான். ஆனால் ஸ்கூல் பஸ் மஞ்சளை அவள் தினமும் ரோட்டில் பார்க்கிறாள். அது கொஞ்சம் சிவப்பு கலந்த, முட்டைக் கரு மாதிரி சூடான மஞ்சள். துணியில் இருந்தது செத்த மஞ்சள். ஓரத்தில் பாசி நிறம் ஓடியது. டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். செக்கிங் டேபிளில் இந்த இரண்டையும் யாராவது ஒரே சட்டையில் வைத்துத் தைத்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு அம்பு ஒட்டியிருப்பாள்.

திரும்பிப் பார்த்தாள். பெருமாள்சாமி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சட்டைக்குக் கை நுழைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்த பார்வையை உடனே எடுத்துப் பித்தானில் வைத்துக்கொண்டான்.

“மஞ்சளுதானே ஓடுது, நேத்தும்?”

“அதான் சொன்னன்ல.”

“இது ஒருமாரி மங்கலா கீதுயா.”

“உள்ள போய்… ஊறி வரது மே. கம்பில அடிக்கறமாரி… பளபளன்னா வரும்?”

உள்ளே போய் ஊறி வருவது. இருக்கலாம். ஏழரைக்கு கார்மெண்ட்ஸ் வேன் சந்து முனையில் நிற்கும். கவரை உடைத்தால் இவனுக்கு வேலை இல்லை, கார்டு இல்லை; உடைக்கவேண்டாம் என்று இந்தத் துணி சொல்லிவிட்டால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். பாஞ்சாலி பேனாவை எடுத்துக் கீழே மஞ்சள் என்று எழுதினாள். எழுதும்போது எழுத்து கொஞ்சம் சாய்ந்தது. துணியைச் சுருட்டிக் குப்பைக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டாள்.

அன்றைக்குப் பூராவும் டேபிளில் அவளுக்குக் கண் நிற்கவில்லை. வெள்ளைச் சட்டை பேட்ச் ஒன்றில் காலர் வேறு ஷேடு, அதைப் பார்க்காமல் தள்ளிவிட்டு, லைன் சூப்பர்வைசரிடம் கன்னடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காவேரித் தண்ணீர் வருகிற நாள். விடிகிற நேரத்தில் குடம் பிடித்து உள்ளே வந்தவள், அவன் படுக்காமல் தலையணையை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்திருப்பதைப் பார்த்தாள். நீலப் பம்பு கீழே உருண்டு கிடந்தது.

“எத்தினி வாட்டி பம்ப இஸ்த?”

விரலைக் காட்டினான். ஒரு கை, அப்புறம் மறு கை. வாய் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. விரல் நகமும் அதே நிறம். இந்த நிறத்துக்கு எந்த ஷெட்டிலும் பவுடர் கிடையாது.

மகா அலமாரிமேல் இருந்த கவரை இழுத்தாள். ஆறு மாத்திரையைக் கையில் கொட்டியபோது பெருமாள்சாமி தலையை ஆட்டினான், வேண்டாம் என்றல்ல, விழுங்க முடியாது என்று. ஆட்டோக்காரர் அமல் அடுத்த சந்து; மகா ஓடிப் போய் எழுப்பி வந்தாள். வழியெல்லாம் தூறல். பாஞ்சாலி பக்கவாட்டுத் திரையை இறக்கிவிடப் போனபோது பெருமாள்சாமி அவள் கையைப் பிடித்துத் தடுத்தான். காற்று வேண்டும் அவனுக்கு. முகமெல்லாம் நனைந்தபடி வந்தான்.

கேஷுவால்டியில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க் ஒன்றைப் பட்டை போட்டுக் கட்டினார்கள். மெஷின் ஒவ்வொரு மூச்சையும் அவனுக்குள் தள்ளியது. சின்ன வயசு டாக்டர் பெண் எழுதிக்கொண்டே கேட்டாள்:

“எப்ப இருந்து ஜாஸ்தி ஆச்சும்மா? கஃபா கலர் எப்ப மாறுச்சு?”

“நேத்து” என்றாள் பாஞ்சாலி. “நேத்து காலைலதான்.”

எட்டரை மணிக்கு வராந்தாவில் நின்று கிளெமென்ட்டுக்குப் போன் செய்தாள். சொல்லவேண்டியதைச் சொன்னாள். அவன் கர்த்தரே என்றான், சாயங்காலம் வருகிறேன் என்றான். வைக்கப் போகிறவள், எதற்கென்றே தெரியாமல் கேட்டாள்:

“அந்த மஞ்சளு ஆர்டரு முடிஞ்சிதா தம்பி?”

“இன்னா மஞ்சளுக்கா?”

“ஸ்கூல் பஸ்ஸு கம்பி. திங்கக்கெழமலேர்ந்து ஓடுதாமே.”

போனில் ஷெட் மெஷின் சத்தத்துக்கு நடுவே கிளெமென்ட் வெளியே நடந்து வருவது கேட்டது.

“மஞ்சளெல்லாம் இல்லக்கா. தீபாவளிக்கு முன்னாடி ஒருக்கா ஓடுச்சு, அவ்ளோதான். பத்து நாளா கருப்புதான் போய்க்கினு இருக்கு. அண்ணன் திங்கக்கெழமையே கன்ன கீழ வெச்சிட்டாரு, கை நடுங்குதுன்னு. மூணு நாளா பேக்கிங்லதான் ஒக்காந்துருந்தாரு. வூட்ல சொல்லலியா?”

பாஞ்சாலி போனை வைத்தாள். திங்கட்கிழமை மத்தியானமே அவன் துப்பிப் பார்த்திருக்கிறான். மஞ்சள் என்று கண்டிருக்கிறான். வீட்டுக்கு வந்தால் இவள் எதைக் கேட்பாள், எதோடு எதை ஒத்துப் பார்ப்பாள் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு தடவை பார்த்தவன்தானே. டாக்டரிடம் சொல்லிவைத்த பேக்கிங் பொய் உண்மையாகிவிட்ட அன்றைக்கு, வீட்டில் சொல்ல வேறு பொய் வேண்டியிருந்திருக்கிறது.

பத்து மணிக்கு டாக்டர் ஸ்ரீகண்டன் ரவுண்ட்ஸ் வந்தார். சீட்டைப் படித்தார். கட்டில் பக்கத்தில் பிரித்தும் தின்னாமல் கிடந்த பழுப்புக் கவரை எடுத்துப் பார்த்தார்.

“நேத்துதான் மாறுச்சா? ஒரு நாள்ல இவ்ளோ கெடாதேம்மா.”

மாஸ்க்குக்கு மேலே பெருமாள்சாமியின் கண் அவள்மேல் இருந்தது. வேண்டாம் என்று அது சொல்வது அவளுக்குத் தெரிந்தது. அவன் முகத்தில் பேச மிஞ்சியிருந்தது அந்தக் கண் ஒன்றுதான்.

“திங்கக்கெழம சார்” என்றாள். “திங்கக்கெழமலேர்ந்து மஞ்சளு. மூச்சும் அன்னிலேர்ந்துதான். பேக்கிங்னு சொன்னது பொய் சார். கன்னுதான் புடிச்சிக்கினு இருந்தாரு, போன வாரம் வரைக்கும். பவுடரு கலருன்னு நெனச்சி கவர ஒடைக்கல.”

காலண்டர் கணக்கையும் சொன்னாள். டாக்டர் நின்றபடியே கேட்டார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் கோபிக்கவில்லை.

“இத மொதல்லயே சொல்லிருந்தா நான் கலரே பாக்க சொல்லிருக்க மாட்டேனேம்மா. மூச்ச மட்டும் பாருன்னு சொல்லிருப்பேன்” என்றார். பேனாவை எடுத்தார்.

பெருமாள்சாமி கண்ணை மூடிக்கொண்டான்.

மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்குக் குழாய் போட்டது ஞாயிற்றுக்கிழமை. கேன்டீன் இட்லியைப் பிட்டுப் பாலில் நனைத்து ஊட்டினாள். மூன்றாவது வாயில் அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

“இருவத்தாறு வருசம் மே.”

“தெரியும்.”

“ஒரு வார்த்த… நேத்துன்னே… வுட்டிருக்கலாம்.”

“நீ ஒரு வார்த்த கருப்புன்னு சொல்லிருக்கலாம்.”

பக்கத்துக் கட்டில்காரரின் மெஷின் புஸ் புஸ் என்று அடித்துக்கொண்டிருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, இட்லி ஒட்டிய விரலைப் பார்த்துக்கொண்டே பாஞ்சாலி சொன்னாள்:

“நானும் பாத்தேன்யா. பொதங்கெழமயே பாத்தேன். அது பஸ்ஸு மஞ்சளு இல்ல. தெரிஞ்சேதான் எழுதினேன். பாஸ் பண்ணி வுட்டுட்டேன்.”

அவன் மூச்சு சேர்த்துக்கொள்கிறானா, வார்த்தை சேர்க்கிறானா தெரியவில்லை.

“நீ லைட்டாண்ட… எடுத்துக்கினு போனல்ல. அப்பவே நெனச்சேன். இவ கண்டுபுட்சிடுவான்னு.” கொஞ்சம் நிறுத்தினான். “கண்டுபுட்சிட்டா… தேவலன்னும் நெனச்சேன்.”

பாஞ்சாலி எழுந்து தட்டைக் கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுத் தட்டு கழுவி முடிந்த பிறகும் நின்றுகொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தான். வாசல் மேட்டில் அமலும் மகாவும் நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். வேலைக்கு அன்ஃபிட் என்று எழுதியாயிற்று. கார்டு இன்னும் எத்தனை மாசம் செல்லும் என்று இ.எஸ்.ஐ. ஆபீஸ் ஜன்னலில் ஒருத்தரும் உறுதியாகச் சொல்லவில்லை. வந்து கேளுங்கள் என்றார்கள். கிளெமென்ட் ஒரு தடவை வந்து ஆப்பிள் வைத்துவிட்டு, கன் பிடிக்கிற பையன்கள் மூலையைச் சரியாக அடிப்பதே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். பெருமாள்சாமி கையைக் காற்றில் வளைத்து, மணிக்கட்டை எப்படித் திருப்பவேண்டும் என்று காட்டினான். அந்த அளவுக்கே மூச்சு இறைத்தது. கிளெமென்ட் பிறகு வரவில்லை.

முன்னால் சந்து முனை டீக்கடை வரைக்கும் போவான். இப்போது குளியலறை வரைக்கும். அதற்கே நடுவில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தது. புது வருஷக் காலண்டரைப் பாஞ்சாலி அதே ஆணியில் மாட்டினாள். மேலே எழுத ஒன்றும் இல்லை. கட்டங்களின் மேல்பாதி வெறுமையாகவே போயிற்று. கீழே மட்டும் எழுதினாள். ஜனவரி முழுக்க சாம்பல், சாம்பல். இருபத்தாறு வருஷப் பொடி மிச்சம் மீதி வந்துகொண்டிருந்தது. பிப்ரவரியில் வெளுத்தது. ஒரு நாள் வெள்ளை என்று எழுதினாள். பெருமாள்சாமி அதை எட்டிப் பார்த்துவிட்டு, “கலரு மாத்தியாச்சி” என்றான்.

மார்ச் மாதம், வெயில் ஏற ஆரம்பித்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பாஞ்சாலி வேனுக்குக் கிளம்பித் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ராத்திரி அவன் இரண்டு தலையணை கூடுதலாகக் கேட்டது அவள் மனதில் கிடந்தது. தானாகக் கேட்கக்கூடாது என்று எதற்கோ காத்துக்கொண்டிருந்தாள்.

“மே.”

திரும்பினாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் துணியை மடிக்காமல் விரித்தபடி நீட்டினான். சாக்கடையோரம் போகவில்லை. சுருட்டி மறைக்கவில்லை.

வாங்கி ஜன்னலுக்குப் போனாள். வெயிலில் நேராகப் பிடித்தாள். பெருமாள்சாமி கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, தைத்த சட்டையைக் கொடுத்துவிட்டு நிற்கிற டெய்லர் மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பாஸா?”

அவள் பாதி பின்னிய ஜடையை அப்படியே விட்டுவிட்டு அலமாரிமேலிருந்த புதுப் பழுப்புக் கவரை எடுத்துக் கத்தரியால் வாயைக் கத்தரித்தாள். ராத்திரி மிஞ்சிய சோற்றைப் பிசைந்து நாலு வாய் ஊட்டினாள். பிறகு ஆறு வெள்ளை மாத்திரையை அவன் உள்ளங்கையில் கொட்டி டம்ளரை நீட்டினாள். அவன் ஒவ்வொன்றாக விழுங்கினான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கினான். சந்து முனையில் கார்மெண்ட்ஸ் வேன் இரண்டு தடவை ஹாரன் அடித்தது. கொஞ்சம் பொறுத்து மூன்றாவது தடவை அடித்துவிட்டுப் போய்விட்டது.

பாஞ்சாலி நாலாவது மாத்திரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.